யோகராணி மறுத்த விதிவிலக்கு

மெல்பேர்ன் நகரத்து டண்டினொங்கில் நானும் யோகராணியும் வேலை செய்யும் தொழிற்சாலையில் சலாட்டுக் கீரையைக் கழுவி, வெட்டி, பைகளில் அடைப்போம். உள்ளே போகுமுன் உடம்பில் இருக்கிற பொன், மணி, கல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தோடு கூடாது, மூக்குத்தி கூடாது, காப்பு கூடாது, தாலிக்கொடியும் கூடாது. தலைக்கு நீல வலைத்தொப்பி, மேலுக்கு வெள்ளை அங்கி, காலுக்கு முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து. இந்தக் கோலத்தில் வரிசையாக நின்றால் எங்களைப் பெற்றவர்களுக்கே எங்களை அடையாளம் தெரியாது. தாலியைக் கழற்றச் சொல்கிறார்களே என்று புதிதாய் வருகிற பெண்கள் கண்கலங்குவார்கள். யோகராணி ஒருநாளும் அதற்கு முணுமுணுத்ததில்லை. சாப்பாட்டுக்குள் விழுந்தால் யாருடைய பல்லோ உடையும், மனேச்சரும் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தானே நிற்கிறார் என்பாள்.

சனி, ஞாயிறு வந்தால் அவள் வேறு ஆள். ஐந்து வயதுப் பிள்ளை கேக் வெட்டும் வீட்டுக்குப் போவதானாலும் அகலச் சரிகைக் காஞ்சிபுரம், கழுத்தில் அட்டியல், அதற்குக் கீழே பதக்கச் சங்கிலி, இரண்டு கையிலும் முழங்கைவரை காப்பு. மெல்பேர்னில் நாற்பது பாகை வெயில் எரிக்கிற நாளிலும் இதில் ஒன்றும் குறையாது. "நகைக்கடை வருது" என்று பெண்கள் அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் இருப்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அலங்காரத்தில் எனக்குப் பற்று இல்லை. இஸ்திரி போடத் தேவையில்லாத துணியைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. அவளை நானும் கேலி செய்திருக்கிறேன்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் ஆட்கள் புதிதாய் ஒருவரைக் கண்டால் மூன்று கேள்விகளில் ஆளை அளந்துவிடுவார்கள். எந்த ஊர்? ஊரில் எவ்விடம்? எந்தக் கோயிலடி? மூன்றாவது கேள்விக்குப் பதில் வருமுன்பே சாதி கைக்கு வந்துவிடும். அந்தச் சொல்லை வாயால் சொல்லாமலே காரியம் முடிந்துவிடுவதால் நாங்கள் பெரிய நாகரிகக்காரர் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. யோகராணி இந்த முதல் கேள்வியையே வரவிடமாட்டாள். "நாங்கள் கொழும்பில இருந்தனாங்கள்" என்று தானாகவே முந்திக்கொள்வாள். கொழும்பில் அவள் இருந்தது, வீசாவுக்கும் விமானத்துக்கும் காத்துக்கிடந்த கொஞ்சக் காலம் மட்டும்தான். அதற்கு முன்பு இலங்கையின் வடக்கில் ஒரு கிராமத்தில் இருந்தாள். அந்தக் கிராமத்தின் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அவளுடைய கணவர் ஆனந்தராஜா ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அது அவருக்கு அதிகம். ஒரே மகள் சயந்தினி. இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நல்ல பிள்ளை, ஆனால் சொன்னதைத் திருப்பிக் கேட்கிற பிள்ளை. அம்மாவின் நகைகளைப் பார்த்தாலே அவளுக்குத் தலையிடி வரும். "அம்மா, இட்ஸ் டூ மச்" என்பதுதான் அந்த வீட்டில் வார இறுதி நாட்களில் அதிகம் கேட்கிற வசனம்.

சயந்தினிக்கும் பிரஷாந்தனுக்கும் பல்கலைக்கழகத்திலேயே விருப்பம் உண்டாகிவிட்டது. பிரஷாந்தன் கணினி வேலை, நகரத்தின் மற்றக் கோடியில், டார்னெய்ட்டில் புது வீடு. அவனுடைய தாய் கமலினியை எங்கள் தமிழர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் நிலபுலம் உள்ள பெரிய வளவுக்காரர் குடும்பம். தன் தகப்பன் முன்னால் யாரும் தோளில் சால்வையோடு நிற்கமாட்டார்கள் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். அதைச் சொல்கிற அதே கமலினிதான் எனக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தபோது வாரக்கணக்கில் சோறு கொண்டுவந்து தந்தவள். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சம்பந்தம் பேசப் போனபோது அவளும் ஊரைக் கேட்டாள். கொழும்பு என்று பதில் வந்தது. மகன் ஏற்கெனவே இவளைக் கட்டாவிட்டால் ஒருவரையும் கட்டமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் கமலினி அடுத்த கேள்விகளை விழுங்கிக்கொண்டாள்.

கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகு யோகராணி வீட்டில் ஒரு சண்டை தொடங்கியது. தாலி கட்டும் நேரத்துக் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது. ஆனால் பெண் முதலில் மணவறைக்கு வரும்போது உடுத்துவது பெண் வீட்டுச் சேலை. அதற்காக யோகராணி சிவப்பில் ஒரு காஞ்சிபுரம் எடுப்பித்து வைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தேன், கைப்பிள்ளையின் பாரம் இருந்தது. சயந்தினி எடுத்து வைத்திருந்ததோ சந்தன நிறத்தில் மெல்லிய கரை வைத்த ஒரு கைத்தறிப் பருத்தி. கழுத்துக்கு ஒரு சங்கிலி போதும் என்றாள். யோகராணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் இருக்கும்வரை என் மகள் பட்டு இல்லாமல் மணவறை ஏறமாட்டாள் என்று ஒரே பிடி. வீட்டுக்குள் அவளும் ஒரு சட்டம் வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் நலன்புரிச் சங்கம் எளிமை விதியைக் கொண்டுவந்தது. தலைவர் சிறிதரன் ஓய்வுபெற்ற பொறியியலாளர், நேர்மையான மனிதர். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்கள் எல்லை மீறிப் போவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்திருந்தது. அவர் எரிந்ததிலும் நியாயம் இருந்தது. ஒரு சாமத்திய வீட்டில், பூப்புச் சடங்குக்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிள்ளை பயத்தில் வாந்தி எடுத்தது. இன்னொரு கலியாணத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுப் பந்திக்கும் மணப்பெண்ணுக்கு ஒரு சேலை மாற்றினார்கள். ஆகவே சங்க மண்டபத்தில் நடக்கும் எந்த நிகழ்விலும் கனத்த சரிகைப் பட்டு கூடாது, தாலியையும் ஒரு சங்கிலியையும் ஒரு சோடிக் காப்பையும் தோட்டையும் தவிர வேறு நகை கூடாது, மணப்பெண்ணுக்கும் இதுதான். வாசலில் இரண்டு பெண்கள் நின்று பார்த்துக்கொள்வார்கள். மீறுகிறவர்களுக்கு மண்டபம் இனிக் கிடையாது. பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தி நிறைவேற்றிவிட்டால் வருகிற கலியாண மாதத்திலிருந்து நடைமுறை. அந்த மாதம் மண்டபத்தில் நடக்கவிருந்த முதல் கலியாணம் சயந்தினியுடையது.

செயற்குழுவில் இருந்த எனக்கு இதில் பரம சந்தோஷம். இளம் பிள்ளைகளுக்கும் அப்படியே. சயந்தினியும் பிரஷாந்தனும் கூட்டத்துக்கு வந்து ஆதரவாய்க் கையுயர்த்தப் போவதாகச் சொன்னார்கள். கமலினி முன்னின்று ஆதரித்தாள். அவளிடம் இருந்த நகை எல்லோருக்கும் தெரியும், போட்டுக் காட்ட வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

வேலை முடிந்து யோகராணியை என் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இனி உன் கழுத்துக்கு நிரந்தர ஓய்வு என்று பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"என்ர அம்மாவுக்கும் உப்பிடி ஒரு சட்டம் இருந்தது, விமலா" என்றாள்.

பிறகு சொன்னாள். அவர்களுடைய ஊரில் அவர்கள் பகுதிப் பெண்கள் சட்டை போடக்கூடாது. சேலைத் தலைப்பைத் தோளில் போடக்கூடாது. மார்புக்குக் குறுக்காகக் கட்டிய துணியோடுதான் நடமாட வேண்டும். பொன் கூடாது, பட்டு கூடாது. ஆண்களுக்கு வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. எழுதி ஒட்டிய சட்டம் அல்ல. ஆனால் மீறியவர்களின் வீடு எரிந்தது. எனக்கு இது புதிய செய்தி இல்லை. நான் அதே வடக்கில், அந்தச் சட்டத்தை வைத்திருந்த பக்கத்தில் பிறந்தவள். ஆனால் அதை அனுபவித்த குடும்பத்தில் பிறந்த ஒருத்தி என் பக்கத்து இருக்கையில் இருந்து சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பச்சை விழுந்ததும் தெரியாமல், பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.

அவள் மாட்டிக்கொண்டிருந்த இடம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேசாமல் இருந்தால், வாசலில் இரண்டு பெண்கள் நின்று பார்க்க, அவளுடைய மகள் கழற்றச் சொன்னதைக் கழற்றிவிட்டு மணவறைக்குப் போக வேண்டும். எழும்பிப் பேசினால், ஏன் இவள் இப்படித் துடிக்கிறாள் என்று சபை கேட்கும். காரணத்தைச் சொன்னால் இத்தனை வருடம் மூடி வைத்த ஊர் வெளியே வரும். கமலினியின் காதில் விழும். கலியாணம் நிற்கலாம். சயந்தினிக்குக்கூட அம்மாவின் ஊர் தெரியாது. நீ பட்டது போதும், பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்காதே, கலியாணம் முடியும்வரை வாயைத் திறக்காதே என்று ஆனந்தராஜா முதல்நாளே கையைப் பிடித்துக் கெஞ்சினாராம். அந்த மனிதர் தன் பத்து வார்த்தைகளையும் அதற்கே செலவழித்திருக்கிறார்.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. சயந்தினி அம்மாவுக்கும் பிரஷாந்தனுக்கும் நடுவில் இருந்தாள். ஆனந்தராஜா கடைசிக் கதிரையில், கதவுக்குப் பக்கத்தில். யோகராணி அன்றைக்கும் குறைவில்லாமல்தான் வந்திருந்தாள். அவள் நடந்து வந்தபோது சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், கடைசித் தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

சிறிதரன் எதையும் படித்துப்போட்டுத்தான் பேசுவார். ஆடம்பர உடையைச் சட்டம் போட்டுத் தடுப்பது எங்களுக்கு மட்டும் வந்த யோசனை அல்ல, ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இருந்தது என்று தொடங்கினார். வெனிஸ் நகரத்தில் பிரபுக்களின் உடுப்பைக் கண்காணிப்பதற்கென்றே அதிகாரிகளை வைத்திருந்தார்களாம். பிரபு வீட்டு மணப்பெண், கலியாணமாகிக் கொஞ்ச வருடங்களுக்கு மேல் முத்துமாலை போட முடியாதாம். விதியை மீறித் தைத்துக் கொடுத்த தையற்காரருக்கும் தண்டனையாம். கோடீஸ்வரப் பிரபுக்களே அடங்கி உடுத்தினார்கள், எங்களால் முடியாதா என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன், பிறகு பாதியில் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் யோகராணி எழும்பி நின்றாள்.

"அண்ணை, பிரபுக்களுக்குப் போட்ட சட்டத்தைச் சொன்னீங்கள். மாடு மேய்ச்ச சனத்துக்கு என்ன சட்டம் இருந்தது?"

சிறிதரன் கண்ணாடியை மாற்றிப் போட்டார். மனிதர் மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டி, இங்கிலாந்தில் பதினான்காம் நூற்றாண்டில் வந்த ஒரு சட்டத்தைப் பற்றி வாசித்தார். வண்டிக்காரர், ஏர் பிடிக்கிறவர், மாடு மேய்க்கிறவர், ஆடு மேய்க்கிறவர் முரட்டுக் கம்பளித் துணியைத் தவிர வேறொன்றும் உடுத்தக்கூடாது. சனங்கள் தங்கள் நிலைக்கும் தகுதிக்கும் மீறி உடுத்துகிறார்கள் என்பதுதான் சட்டம் போட்டதற்குக் காரணம். அந்த வரியை வாசிக்கும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"எங்கட ஊரிலயும் அதுதான் காரணம்" என்றாள் யோகராணி. பிறகு ஊரின் பெயரைச் சொன்னாள். அதோடு நிற்காமல், ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி என்பதையும் சொன்னாள். மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஆனந்தராஜா தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அம்மாவின் கலியாணத்தை அவள் அவசரப்படாமல் சொன்னாள். மகள் ஒரு நாளைக்காவது பட்டு உடுக்க வேண்டும் என்று அவளுடைய அம்மப்பா, அம்மாவின் தகப்பன், ஆசைப்பட்டார். ஊர் நிலக்காரரின் பெரிய வளவுக்குப் போய் முற்றத்தில் நின்று அனுமதி கேட்டார். வளவுக்காரர் இரக்கம் உள்ளவர், வீட்டுக்குள் உடுத்தலாம், வெளியே ஒழுங்கைத் தெருவில் இறங்கக்கூடாது என்று அனுமதி கொடுத்தார். தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளை வீடு ஒழுங்கைக்கு மற்றக் கரையில். இரண்டு எட்டில் கடந்துவிடலாம் என்று நினைத்து அம்மா பட்டோடு இறங்கிவிட்டாள். ஒழுங்கை முகப்பில் வளவுப் பக்கத்து ஆட்கள் நின்றார்கள்.

"அம்மாவுக்கு அப்ப பதினேழு வயது. அந்த ஒழுங்கையில, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, சட்டையையும் பட்டையும் உரிஞ்சு குடுத்துப்போட்டு, ஆரோ எறிஞ்ச துண்டைக் குறுக்காக் கட்டிக்கொண்டுதான் புருசன் வீட்டுக்குள்ள போனவ. பிறகு காலம் மாறி, ஒருத்தரும் தடுக்கேலாதெண்டு வந்த பிறகும் அவ பட்டைத் தொடேல்லை. அதாலதான் நான் போடுறன். உங்களுக்கு நகைக்கடை. எனக்கு அது அப்பிடியில்லை."

ஒரு மூலையிலிருந்து ஒருவர், அது பழைய கதை அக்கா, இந்த விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே, உங்களை மட்டும் சொல்லவில்லையே என்றார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. எனக்கும் அதே கேள்வி மனதில் ஓடியது.

"ஓம், எல்லாருக்கும் பொதுதான். ஆனா உடுத்து அலுத்த ஆக்கள் கழற்றுறதும், இப்பதான் உடுக்கத் தொடங்கின ஆக்கள் கழற்றுறதும் ஒண்டில்லை" என்றாள் யோகராணி.

அப்போது கமலினி எழும்பினாள். எல்லோருடைய கண்ணும் அவள்மேல். கலியாணம் இருக்குமா இல்லையா என்பது அவள் வாயில் இருந்தது. அவளுடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அது நடிப்பில்லை. இந்தக் கதை தெரியாமல் போய்விட்டதே என்றாள். இவ்வளவு பட்ட குடும்பத்தை நாங்கள் இன்னும் வருத்தக்கூடாது என்றாள். பிறகு தலைவரின் பக்கம் திரும்பினாள்.

"விதி இருக்கட்டும். யோகராணி அக்காவின்ர குடும்பத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்குக் குடுப்பம். என்ர மருமகள் விரும்பின பட்டை உடுத்து, விரும்பின நகையைப் போட்டுக்கொண்டு வரட்டும்."

மண்டபமே பெருமூச்சு விட்டது. சம்பந்தம் முறியவில்லை, பிரச்சினை தீர்ந்தது, கமலினியின் மனம் எவ்வளவு பெரியது என்று தலைகள் ஆடின. சிறிதரன் குறித்துக்கொள்ளப் பேனையை எடுத்துவிட்டார். நானும் அப்பாடா என்று நினைத்தேன். யோகராணிதான் இன்னும் உட்காரவில்லை.

"வேண்டாம்" என்றாள். "உங்கட நல்ல மனசு எனக்குத் தெரியும், கமலினி. என்ர அம்மப்பாவுக்கு அனுமதி குடுத்தவரும் நல்ல மனசுக்காரர்தான். நீங்கள் தந்து என்ர பிள்ளை உடுக்கிறதெண்டால், அதைவிட அவள் உடுக்காமலே போகட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சயந்தினி அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நேரே மேடையைப் பார்த்தபடி கல்லாக இருந்தாள். இருபத்தெட்டு வயதில் தன் தாய் யார் என்று நூறு பேருக்கு நடுவில் கேட்டு அறிந்த பிள்ளை வேறு என்ன செய்யும்? கமலினி மெல்ல உட்கார்ந்தாள். தான் கொடுத்ததை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சிறிதரன் தாள்களை மடித்து உறையில் வைத்துவிட்டு, தீர்மானத்தைத் தான் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஹெலிகொப்டர் பிரச்சினைக்கு வேறு வழி யோசிப்போம், ஒருவருடைய உடம்பில் கை வைக்காத வழியாக யோசிப்போம் என்றார். சிலர் எதிர்த்து முணுமுணுத்தார்கள், ஒரு ஆளுக்காகச் சங்கமே வளைந்து கொடுப்பதா என்று. அவர் கூட்டத்தை முடித்துவைத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கமலினியின் தமையன் கனடாவிலிருந்து போன் எடுத்து, அந்தக் கலியாணத்துக்குத் தான் கால் வைக்கப்போவதில்லை என்றார். அவரோடு இன்னும் பல குடும்பங்கள். வாசல்வரை வந்து கதைக்கிறவர்கள் யோகராணி வீட்டில் தேத்தண்ணி குடிக்க நேரமில்லாதவர்களாக மாறினார்கள். பிரஷாந்தன் அசையவில்லை, அது ஒன்று ஆறுதல். கமலினி கலியாணத்தை நிறுத்தவும் இல்லை, யோகராணி வீட்டுக்குப் போகவும் இல்லை. டார்னெய்ட்டிலிருந்து டண்டினொங்குக்கு நெரிசலில் வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சயந்தினி தாயோடு பேசாமல் இருந்தாள். ஆத்திரம் அவளுக்கு ஊரைக் கேட்டதில் அல்ல, அதை இவ்வளவு காலமும் தன்னிடமிருந்து மறைத்ததில். ஒருநாள் வேலையால் வந்தவுடன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தாய் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போய் நின்று, நான் அந்தச் சிவப்புப் பட்டையே உடுக்கிறேன் அம்மா, அம்மம்மாவுக்காக உடுக்கிறேன் என்றாளாம். சொல்லும்போதே அழுதுவிட்டாளாம். அடுத்த நாள் காரில் யோகராணி இதை என்னிடம் சொன்னபோது, பிறகென்ன, நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்றேன். அவளுடைய முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. யோசித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான், பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை விமலா, பாவம் பார்த்து உடுக்கிறாள் என்றாள்.

கலியாணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளை பக்கத்துக் கதிரைகளில் பாதி வெறுமையாய் இருந்தன. மணமகனின் மாமி வராததால் அவள் கொண்டுவர வேண்டிய கூறைத் தட்டைத் தூக்க ஆள் இல்லை. கமலினி, கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தானே அதைத் தூக்கிக்கொண்டு வந்து யோகராணியிடம் கொடுத்தாள். கமலினி திரும்பிப்போய்த் தன்னுடைய வரிசையில் தனியாக இருந்தாள்.

மேளம் உயர்ந்தது. சிவப்பை எதிர்பார்த்து எல்லோரும் திரும்பினோம். சயந்தினி சந்தன நிறப் பருத்திச் சேலையில் வந்தாள். கழுத்தில் ஒரு சங்கிலி, கையில் ஒரு சோடிக் காப்பு, தலையில் மல்லிகை. எனக்குப் பின்னாலிருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், இதற்காகவா அன்றைக்குச் சபையைக் குழப்பினார்கள் என்று முணுமுணுத்தாள். எழும்பித் திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் யோகராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை பட்டும் பொன்னுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

நீதான் அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்தாயா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"அம்மாவை உடுக்க விடேல்லை, விமலா. எனக்கு உடுக்காமல் இருக்கப் பயம். எங்கட வீட்டில தனக்குப் பிடிச்சதை உடுத்த முதல் பொம்பிளை இவள்தான்."

மகளை மணவறையில் இருத்துவதற்கு அவளைக் கூப்பிட்டார்கள். போனாள்.